இன்ஸ்பயர்–மானக் விதிகளுக்கு ஓர் உரை

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் கண்டுபிடிப்புப் போட்டி இன்ஸ்பயர்–மானக். அதன் விதிகளைச் சாரமாக எடுத்து, தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இங்கே உரை சொல்கிறேன்.

பெயர்: மானக்

நாட்டின் கனவையும் அறிவையும் வளர்க்கும் பத்து லட்சம் மனங்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் இது. இந்தியில் ‘மானக்’ என்றால் தர அளவு. ஆண்டுக்குப் பத்து லட்சம் யோசனைகளைத் திரட்டுவதே இலக்கு.

விதி 1: ஆறாம் வகுப்பிலிருந்தே பங்கேற்கலாம்.

இந்த வயது போதுமா என்று தயங்க வேண்டாம். துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைத் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் கவனித்தபோது அவருக்கு வயது 12. அந்தக் கவனிப்பிலிருந்து சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி பிறந்தது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அவர் பேசினார்.

விதி 2: யோசனை சொந்தமானதாக, மக்கள் தேவைக்கு உதவுவதாக இருக்க வேண்டும்.

போட்டியின் உயிர் இந்த விதி. ‘சொந்தமான’ என்றதால், கடையில் வாங்கிய எரிமலை மாதிரிக்கு இங்கே இடமில்லை. ‘தேவை’ என்ற சொல்லுக்குத் தேவாரத்தில் அகராதி தேட வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அம்மாவைக் கேட்டால் போதும். ஏலச்செடி தூரடியில் தரையோடு காய்ப்பது. குனிந்தும் குந்தியும் முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை வேறு கடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். அதை உலர்த்த விறகு எரிய வேண்டும். பிறகு தரம் பிரிக்க வேண்டும். முதுகு, கால், விறகு, கண் என்று நான்கு தேவைகள் இந்த ஒரே வேலைக்குள் இருக்கின்றன.

விதி 3: தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கில் சேரும்.

மாதிரி செய்யவும் மாவட்டக் கண்காட்சிக்குப் போய்வரவும் தரும் பணம் இது. பிள்ளையின் கணக்கிலேயே சேர்வதால், செலவிலும் பிள்ளைக்குச் சொல் உண்டு என்பது கருத்து. காயைத் தரம் பிரிக்கச் செய்த முதல் சல்லடை உடைந்தால் இரண்டாவது செய்து பார்க்கட்டும்.

விதி 4: மாவட்டம், மாநிலம், தேசம் எனப் படிப்படியாகத் தேர்வு நடக்கும்.

முதலில் தேர்வாகும் ஒரு லட்சம் யோசனைகள் 10,000 ஆகும், பிறகு 1,000 ஆகும், முடிவில் 60 நிற்கும். ஆகவே பெரும்பாலோர் வழியில் நின்றுவிடுவார்கள். ஆனால் மாவட்டத்தோடு நின்ற, காய் எடுக்கும்போது உட்காரச் செய்த ஒரு குந்துபலகை அம்மாவின் முதுகுவலியைக் குறைத்தால், அந்தக் கண்டுபிடிப்பு வென்றுவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு தொடங்குமுன் பிள்ளைகளை வீட்டில் ஒரே கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள்: “இன்றைய வேலையில் உங்களுக்கு எங்கே வலித்தது?” அவர்கள் கொண்டுவரும் பதிலிலிருந்து யோசனையைத் தொடங்குங்கள்.