பால்பல்லிலிருந்து சாட்சிக்கூண்டுக்கு: இளையோர் காலநிலைப் போராட்டத்தில் மருத்துவர்கள்

இளையோரின் காலநிலைப் போராட்ட வரலாற்றை, 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்த கிரேட்டா துன்பர்க்கிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தெருப் போராட்டத்துக்கு அந்தத் தொடக்கம் பொருந்தும்; நீதிமன்றப் போராட்டத்துக்குப் பொருந்தாது. வழக்காடு மன்றத்தில் முதலில் எழும் கேள்வி, உனக்கு நேர்ந்த தீங்கு என்ன என்பதே. அதற்கான விடையைக் குழந்தையின் உடலில் தேடி எடுத்துத் தந்தவர்கள் மருத்துவர்கள். அந்த மரபு அணுகுண்டுச் சோதனைக் காலத்து அமெரிக்காவில் வேர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1958 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் பால்பற்களைத் திரட்டும் ஆய்வு ஒன்று தொடங்கியது. வளிமண்டலத்தில் வெடித்த குண்டுகளின் கதிரியக்கத் துகள்கள் புல்லில் படிந்தன. மேய்ந்த பசுவின் பாலில் இறங்கின. அவற்றிலிருந்த ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தை ஒத்தது. பால் குடித்து வளரும் பிள்ளையின் எலும்பும் பல்லும் அதையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டன. விழுந்த பல்லைப் பெற்றோர் விவரச் சீட்டோடு அனுப்பிவைத்தார்கள். அறிவியலுக்குப் பல் கொடுத்த பிள்ளை என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை திரும்பி வந்தது. மருத்துவர் லூயிஸ் ரைஸ் 1961 நவம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1950களின் தொடக்கத்தில் பிறந்தவர்களுள், பின்னால் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியம் கூடியிருந்தது. 1970க்குள் சேர்ந்த பற்கள் சுமார் 3,20,000. வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பொதுமக்கள் ஆதரவு திரண்டதில் இந்தப் பற்களுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் அங்கே தரவாக மட்டுமே இருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர்கள் பெரியவர்கள்.

அணு ஆயுதத்துக்கு எதிராகத் திரண்ட மருத்துவர் இயக்கம் 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. காலநிலையின் பக்கம் மருத்துவ உலகம் திரும்பியது தாமதமாகத்தான். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவக் கழகம் 2007இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. 21ஆம் நூற்றாண்டில் உலக நலத்துக்கு மிகப்பெரிய அச்சுறுத்தல் காலநிலை மாற்றமே என ‘லான்செட்’ குழு 2009இல் அறிவித்தது.

2015இல் ஓரிகன் மாநிலத்தில் 21 இளையோர் அமெரிக்க அரசின் மீது தொடுத்த ஜூலியானா வழக்கில் குழந்தை நல மருத்துவர் ஜெரோம் பால்சனும் மனநல மருத்துவர் லீஸ் வான் சஸ்டெரனும் நிபுணர் அறிக்கை அளித்தார்கள். விசாரணை தொடங்கவே இல்லை. தீங்கு உண்மைதான், அதைத் தீர்ப்பது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று மேல்முறையீட்டு மன்றம் 2020 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்து 8 பிள்ளைகள் தொடுத்த சர்மா வழக்கிலும் இதே கதை. இன்றைய ஆஸ்திரேலியக் குழந்தைகளில் 10 லட்சம் பேர் வெப்பத்தால் மருத்துவமனையில் சேர நேரும் என்ற மதிப்பீட்டை 2021இல் நீதிபதி ஏற்று, அமைச்சருக்குக் கவனக் கடமை உண்டென்றார். 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அந்தக் கடமை நீக்கப்பட்டது. இரண்டு வழக்கும் தோற்றது சட்டத்தில்; மருத்துவச் சான்று அப்படியே நின்றது. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நிலைமை மாறியது. நிகழ்காலத் தலைமுறைக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் தூய்மையான, நலம் தரும் சூழலை அம்மாநிலத்தின் 1972ஆம் ஆண்டு அரசமைப்பு உறுதிசெய்கிறது. 2020இல் 16 இளையோர் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தபோது அவர்களில் மிக இளையவருக்கு வயது 2. 2023 ஜூனில் ஹெலினா நகரில் நடந்த விசாரணையில் குழந்தை நல மருத்துவர் லோரி பைரன் சாட்சியம் அளித்தார். குரோ பழங்குடியினரிடையே பல்லாண்டுகள் பணியாற்றியவர் அவர். உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வெப்பத்தைத் தணிக்கும் திறனும் குறைவு. காட்டுத்தீப் புகை நாள்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதன் பொருள் அந்த மன்றத்தில் இப்படித்தான் விளங்கியது. வழக்குத் தொடுத்தவர்களில் பலர் தாங்களே கூண்டேறிப் பேசினார்கள். பல் கொடுத்த தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பு அது. விசாரணையில் அரசுத் தரப்பு மருத்துவச் சாட்சி ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 14 அன்று நீதிபதி கேத்தி சீலி பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2024 டிசம்பர் 18 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 6-1 என்ற பெரும்பான்மையில் அதை உறுதிசெய்தது.

வெற்றிக்கு அரசமைப்பு வாசகமும் காரணம். மருத்துவச் சான்று மட்டும் போதாது. ஆனால் சான்று இல்லாமல் அந்த வாசகமும் உயிர்பெற்றிருக்காது. சான்றின் தேவை மொன்டானாவோடு முடிவதில்லை. வான் சஸ்டெரன் பங்கேற்ற 2021ஆம் ஆண்டு ஆய்வில் 10 நாடுகளைச் சேர்ந்த 10,000 இளையோரில் 59 விழுக்காட்டினர் காலநிலை குறித்து மிகுந்த கவலை தெரிவித்தனர். அந்த 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனவே இங்கும் வெப்ப மயக்கத்தோடும் புகையால் வரும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகள் வரும்போது அந்தக் காரணத்தை நோயாளியின் குறிப்பேட்டில் நம் மருத்துவர்கள் தவறாமல் எழுதிவைக்க வேண்டும். நாளை அந்தப் பிள்ளைகள் மன்றத்தில் நிற்க நேர்ந்தால் கையில் இருக்கப்போகும் சான்று அதுதான்.