கட்டுவிரியன்

குமராட்சி பக்கத்துக் கொள்ளிடக்கரை வயல்களில் கண்ணாடிவிரியனும் உண்டு, கட்டுவிரியனும் உண்டு. பெயரைக் கேட்டால் பங்காளிகள் என்று தோன்றும். ஆனால் விலங்கியலில் கட்டுவிரியன் நாகப்பாம்பின் குடும்பம். முன்வாயில் மடங்காத குட்டைப் பற்கள், நரம்பை முடக்கும் நஞ்சு, முட்டையிடும் இயல்பு. கண்ணாடிவிரியனுக்கோ மடங்கும் நீண்ட பற்கள், நஞ்சு ரத்தத்தை உறையவிடாது, குட்டி போடும்.

‘கட்டு’ என்றது கரிய உடலின் குறுக்கே கட்டியதுபோல் ஓடும் வெள்ளை வரிகளை என்றே நினைக்கிறேன். ‘விரியன்’ என்ற பொதுப்பெயரோ உறவைப் பார்த்து வைத்ததல்ல, அச்சத்தைப் பார்த்து வைத்தது என்று தோன்றுகிறது. மக்களின் வகைப்பாட்டுக்கு அந்த நியாயம் உண்டு. ஆனாலும் இந்தப் பெயரொற்றுமை எனக்குக் கவலை தருகிறது. கண்ணாடிவிரியன் கடித்தால் கடிவாய் வீங்கி வலிக்கும். அதையே கட்டுவிரியனிடமும் எதிர்பார்த்துவிடக் கூடும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. விடியலில் இமை சரியும், மூச்சு திணறும். வலியில்லையே என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவற்றின் ஆங்கில, அறிவியல் பெயர்களுக்கும் கதை உண்டு. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் நூல் வெளியிட்டார். கண்ணாடிவிரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் அவரே. கட்டுவிரியனின் பேரினப் பெயரான ‘பங்காரஸ்’, பொன்னைக் குறிக்கும் ‘பங்காரு’ என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது.