ஸ்கேனுக்குப் பிறகு: வயிற்றுச் சுவர்க் குறையும் பிரசவ இடமும்

கருவின் வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே நிற்பதை ஐந்தாம் மாத ஸ்கேன் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. ஆனால் முன்கூட்டித் தெரிந்ததாலேயே குழந்தை பிழைத்துவிடுவதில்லை. நாட்றம்பள்ளி போன்ற ஊரில், அந்த அறிக்கை பிரசவம் நடக்கும் இடத்தை மாற்றினால்தான் அதற்குப் பொருளுண்டு என்பது என் வாதம். 2021இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் செரிமானப் பாதைப் பிறவிக் குறைகளோடு சேர்ந்த 3849 குழந்தைகளைக் கணக்கிட்டது. தொப்புளுக்கு அருகே, பெரும்பாலும் வலப்புறம், உறையின்றிக் குடல் வெளிவரும் கேஸ்ட்ரோஸ்கைசிஸில், உயர்வருமான நாடுகளில் 139 பேரில் இருவரே இறந்தனர். நடுத்தர வருமான நாடுகளில் 304 பேரில் 97 பேர். ஏழை நாடுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர். குறை ஒன்றுதான். வேறுபாடு பிறப்புக்குப் பிந்தைய பராமரிப்பில் இருக்கிறது: திறந்த குடல் வழியே நீரும் உடற்சூடும் வேகமாக வெளியேறுகின்றன, கிருமி நுழைகிறது, குடல் வேலை செய்யத் தொடங்கும்வரை பல வாரம் நரம்பு வழியே ஊட்டம் தேவைப்படுகிறது. அந்த ஆய்வின் எண்கள் மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவர்களின் கணக்கு மட்டுமே. வழியிலேயே இறந்தவர்கள் இதில் இல்லை.

தொப்புள்கொடிக்குள் உறையோடு குடலும் சில வேளை கல்லீரலும் புடைத்திருக்கும் ஆம்ஃபலோசீலின் கதை வேறு. அங்கே முடிவைத் தீர்மானிப்பவை உடன்வரும் இதயக் குறையும், 13, 18ஆம் குரோமோசோம் மிகைகளும், நுரையீரல் வளர்ச்சியும்தான். அறுவைத் துறையின் பதிவேடு உயிரோடு பிறந்து அங்கு வந்த குழந்தைகளை மட்டும் எண்ணுவதால் நம்பிக்கை கூடுதலாகத் தெரியும். கருவிலிருந்தே எண்ணினால், கருவில் இறந்தவையும் கலைக்கப்பட்டவையும் சேர்ந்து அதே நோய் கொடியதாகத் தெரியும். இரண்டு குறைகளையும் 'குடல் வெளியே' என்ற ஒரே வரியில் பெற்றோரிடம் சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. அந்த முடிவை எடுக்கும் தம்பதிக்குத் தங்கள் குழந்தையின் குறை எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும்.

குழந்தை அறுவைத் துறை கொண்ட வேலூர் சி.எம்.சி. நாட்றம்பள்ளியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தொலைவைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கேஸ்ட்ரோஸ்கைசிஸ் இருபது வயதுக்கு உட்பட்ட தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு அது பெரும்பாலும் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறாள். ஆம்பூர், வாணியம்பாடிக் காலணித் தொழிற்சாலை வேலையால் கணவன் வீட்டுப் பக்கம் ஸ்கேன் எடுத்தவள், வேறொரு தாலுகா மருத்துவமனையில் பிரசவிப்பாள். பரிந்துரைக் கடிதமோ பழைய முகவரிக்கே எழுதப்பட்டிருக்கும். குறை தெரிந்த அன்றே பிரசவ மருத்துவமனையைக் குறித்து, தாய்வீட்டாரையும் அழைத்துச் சொல்லியாக வேண்டும். (தோல் ஆலைக் கழிவுநீர்தான் காரணமா என்று இவ்வட்டாரத்தில் கேட்பது இயல்பே, அது தனி ஆய்வுக்குரியது. பிழைக்கவைப்பது அதன் விடைக்காகக் காத்திருக்க முடியாது.)

பிறந்த இடம் முடிவைப் பெரிதாக மாற்றவில்லை என்று மேலைநாட்டு ஆய்வுகள் சில சொல்வதை எதிர்வாதமாக வைக்கலாம். அங்கே பச்சிளங்குழந்தைக்கென்றே பயிற்சி பெற்ற குழு ஆம்புலன்சில் வருகிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்துக்கு அந்த முடிவு பொருந்தாது. இப்படி அனுப்பினால் பெரிய மருத்துவமனைகள் நிரம்பிவிடும் என்பாரும் உண்டு. கேஸ்ட்ரோஸ்கைசிஸ் சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்று. அது யாரையும் மூழ்கடிக்காது. இதற்காகச் சிசேரியனும் வேண்டியதில்லை. குறை இருப்பதால் மட்டும் செய்யும் சிசேரியன் குழந்தைக்குக் கூடுதல் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. மிகவும் வலுவான ஆட்சேபம், எல்லாக் குறையும் ஸ்கேனில் சிக்குவதில்லை என்பதே. அதை ஏற்கிறேன். அதனால்தான் தாலுகா மருத்துவமனையின் செவிலியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: குழந்தையை மார்பு வரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் வைத்து, குடல் முறுக்காதபடி வலப்பக்கமாகப் படுக்கவைத்து, மூக்கு வழிக் குழாயால் இரைப்பையைக் காலியாக்கி, நரம்பில் திரவம் ஏற்றி, சூடு குறையாமல் வேலூருக்கு அனுப்புவது.