டிவி பார்க்கும் நேரமும் டிவி இருக்கும் வாசலும்



தூர்தர்ஷனிலிருந்து ஓடிடி வரைக்குமான கதையைப் பலரும் படத்தின் தரம் உயர்ந்த கதையாகவே சொல்கிறார்கள். கருப்பு வெள்ளை, கலர், எச்டி, கைபேசி என்று. வரலாறு பாடம் நடத்தியவன் என்பதால் எனக்கு இதில் வேறு இரண்டு கேள்விகள் முக்கியமாகப் படுகின்றன. எப்போது பார்ப்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? யாருக்குப் பார்க்க இடம் கிடைத்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது நேரம் அரசின் கையில். வெள்ளி இரவு 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தமிழ்ப் படம். 1987 ஜனவரியில் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது, இந்தி புரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். டிவி இருந்த வீட்டு வாசலில் தெருவின் செருப்பெல்லாம் கிடக்கும்.

அதை இன்று ஏக்கத்தோடு பேசுகிறோம். ஆனால் எல்லா வாசலும் எல்லாருக்கும் திறக்கவில்லை. சாதி பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பஞ்சாயத்து டிவிதான் கதி. 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தைக் கேலி செய்தவர்கள் இதை யோசிக்கவில்லை. அடுத்தவர் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை அந்தப் பெட்டியால் போனது.

இதற்கிடையே 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. தெருவெங்கும் கேபிள் ஓடியது. ரேமண்ட் வில்லியம்ஸ் என்ற அறிஞர் 1974-லேயே எழுதியிருந்தார்: தொலைக்காட்சி தருவது தனித்தனி நிகழ்ச்சிகளை அல்ல, விளம்பரமும் முன்னோட்டமும் கலந்த ஓர் ஓட்டத்தை, பார்ப்பவர் எழுந்து போகாதபடி திட்டமிட்ட ஓட்டம். இரவு சீரியல்கள் அடுத்தடுத்து வந்தபோது அவர் சொன்னது நம் வீட்டிலேயே நடந்தது. சாப்பாட்டு நேரம்கூட சீரியலைப் பார்த்து நகர்ந்தது.

இந்த ஓட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் மறைமலைநகர் போன்ற தொழிற்பேட்டைகளின் ஷிப்ட் தொழிலாளர்கள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவருக்கு இரவு எட்டு மணி சீரியல் ஏது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் நேரம் அவர் கைக்கு வந்தது. ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ்சில் போகிறவர் கைபேசியில் படம் பார்ப்பதை 'கெட்டுப் போச்சு உலகம்' என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் நேரம் திறந்தபோது வாசல் மறுபடி குறுகியது. 2020 மே மாதம், ஊரடங்கில், 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேரே அமேசான் பிரைமில் வந்தது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படமும் அப்படியே. போலீஸ் காவலில் வதைபடும் இருளர் குடும்பத்தின் கதை அது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் பல. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அவர்களைப் பற்றிய படம் முதலில் சந்தா கட்டியவர்களுக்குத்தான் திறந்தது.

ஒலிபரப்புக்கான வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பளித்தது. அரசும் தனியாரும் அதை ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. அந்தக் கேள்வியை இன்று ஓடிடியிடமும் கேட்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அது வில்லியம்ஸ் சொன்ன அதே ஓட்டம்தான். கடிகாரம் நம் கையில் இருப்பதுபோல் தெரிகிறது; சாவி கொடுப்பது வேறு யாரோ.

நூலகத்தில் புத்தகம் இருப்பதுபோல, சமூகத்துக்குத் தேவையான படங்களைச் சந்தா இல்லாமல் பார்க்க ஊருக்கு ஓர் இடம் வேண்டாமா? பழைய பஞ்சாயத்து டிவி அறைகள் உங்கள் ஊரில் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.