குடல்வாழ் பாக்டீரியாக்கள் நோய்க்கிருமிகளான வரலாறு: வடசென்னையை முன்வைத்து

ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் முதலியவை மனிதக் குடலில் குடியிருப்பவை. இருக்கும் இடத்தில் இருக்கும்வரை இவற்றில் பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. குடற்சுவர் கிழிந்தாலோ, சிறுநீர்க் குழாய் பொருத்தினாலோ, நீரிழிவாலும் புற்றுநோய் மருந்தாலும் எதிர்ப்பாற்றல் குன்றினாலோ அவையே சிறுநீர்ப்பாதையிலும் ரத்தத்திலும் புகுந்து நோய் தருகின்றன. இதைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்பர்.

குழந்தை மருத்துவர் தியோடர் எஷ்ரிக் 1885-ல் கைக்குழந்தைகளின் மலத்திலிருந்து ஈ.கோலையைப் பிரித்தெடுத்து விவரித்தார். அவர் பெயரால் ‘எஷெரிக்கியா’ என்று 1919-ல் பேரினம் வகுத்த கஸ்டெல்லானியும் சால்மர்ஸும் அதற்குமுன் கொழும்பில் பணியாற்றியவர்கள். எஷ்ரிக் அதைக் காணவில்லை, 1911-லேயே இறந்துவிட்டார்.

அக்காலச் சென்னைத் துறைமுகப் பகுதி அஞ்சியது வேறொன்றுக்கு. காலரா, அதாவது வாந்திபேதி, தண்ணீரோடு வெளியிலிருந்து வரும் பகை. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை அத்தகைய நோய்களுக்கானது. குடலின் சொந்தப் பாக்டீரியாவுக்கு அன்று சாட்சி வேலை மட்டுமே: குடிநீரில் அது தென்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வகங்கள் நீரில் அதைத் தேடியது இதற்காகத்தான்.

சாட்சியைக் குற்றவாளி ஆக்கியதில் மருத்துவ முன்னேற்றத்துக்கும் பங்குண்டு. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று ராயபுரம் மக்கள் அழைத்துவந்த இடத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி அமைந்தது 1938-ல். அடுத்த பத்தாண்டில் பெனிசிலின் வந்தது. பின்னர் பெரிய அறுவைச் சிகிச்சைகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் உலகெங்கும் பெருகின. முன்பு பிழைத்திருக்க முடியாத நோயாளிகள் பிழைத்தார்கள். அவர்களின் உடலில் செருகிய குழாய்கள் பாக்டீரியாவுக்கு வழி திறந்தன. ஆண்டிபயாட்டிக்குகளோ எளிதில் சாகும் பாக்டீரியாவைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் ஒழித்துக்கொடுத்தன. இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ரத்தத் தொற்றின் முன்னணிக் காரணங்களுள் கிளெப்சியெல்லாவும் ஒன்றாயிற்று.

திருப்புமுனை 2010. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை ‘லான்செட்’ குழும இதழில் வெளியானது. சென்னையில் பிரித்தெடுத்த 3,521 குடல்வகைப் பாக்டீரியாக்களில் 141, கடைசிக் கையிருப்பான கார்பபெனெம் மருந்துக்கு அடங்கவில்லை. அவற்றில் 44-இல், அம்மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தரும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது, அவற்றுள் 19 ஈ.கோலை, 14 கிளெப்சியெல்லா நிமோனியே. இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குத் தாவும். பலரிடம் அது சமூகத்திலேயே தொற்றியிருந்தது என்பதே கட்டுரையின் கனமான செய்தி. ஆனால் அன்று நாடு சண்டையிட்டது மரபணுவுக்குப் புதுதில்லியின் பெயர் வைத்ததற்காக. எண்களைப் பேசியவர்கள் குறைவு.

2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பைச் சமாளிப்பதற்கான சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்து, குறிப்பிட்ட ஆண்டிபயாட்டிக்குகளின் விற்பனையை மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டியதாயிற்று. சட்டம் இருந்தும் சீட்டில்லாமல் மாத்திரை கிடைப்பது நின்றபாடில்லை.

மருந்தும் எதிர்ப்புப் பாக்டீரியாவும் இறுதியில் சேருமிடம் சாக்கடை. புதுதில்லியில் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-இல் 2-லும் என்.டி.எம்-1 மரபணு கிடைத்தது. வடசென்னைக் கழிவுநீரில் ஒரு பகுதி கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்படுகிறது. 2019 முதல் அதில் கொஞ்சம் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் தூய்மையாகி மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி ஓடுகிறது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை அறவே தென்படக் கூடாது என்கிறது. எதிர்ப்பு மரபணுவைத் தேடச் சொல்வதில்லை.