வேப்பிலை கட்டும் அம்மையும் சொல்லாமல் போகும் அம்மையும்

தொண்டியில் பங்குனி வெயில் ஏறும்போது ஏதாவது ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலை தொங்கும். உள்ளே தாளிப்பு நின்றிருக்கும். பிள்ளைத்தாய்ச்சி யாராவது அந்தப் பக்கம் வந்தால், "உள்ளே வராதத்தா, அம்மை போட்டிருக்கு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். சின்னம்மைக்கு இங்கே அத்தனை மரியாதை, அத்தனை பயம்.

ரூபெல்லா என்ற இன்னொரு அம்மைக்கு இது எதுவும் இல்லை. லேசான காய்ச்சல், மூன்று நாள் இருந்து மறையும் மெல்லிய தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், அவ்வளவுதான். பலருக்கு அதுவும் தெரிவதில்லை. தெரிந்தாலும் வேர்க்குரு என்று விட்டுவிடுவார்கள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இந்தப் பயம் தலைகீழாக இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்கு ரூபெல்லா வந்தால் 90 சதவீதம் வரை கருவைத் தாக்கலாம். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என ஒன்றோ எல்லாமோ சேர்ந்து வரும். 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. நமக்கு அதைவிடப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பங்கேற்று 1996இல் வெளியான ஆய்வில், காயத்தால் வராத கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கால்வாசிப் பேருக்குக் காரணம் ரூபெல்லா. கொச்சியில் தொடங்கி மதுரை வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை தொண்டியில்தான் முடிகிறது. தூரத்து ஊர்க் கதையல்ல இது.

சின்னம்மையின் கணக்கு வேறு. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கர்ப்பத்தில் சின்னம்மை கண்ட 1,373 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1994இல் வெளியானது. முதல் 12 வாரத்தில் அம்மை கண்டவர்களின் குழந்தைகளில் 0.4 சதவீதமும், 13 முதல் 20 வாரத்துக்குள் கண்டவர்களுடையதில் 2 சதவீதமும் பாதிப்போடு பிறந்தன. தோலில் பட்டையாகத் தழும்பு, சூம்பிய கை அல்லது கால், கண்ணிலோ மூளையிலோ குறை என்று வரும் அந்தப் பாதிப்பு கொடியதுதான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேல் அது வருவதில்லை. நான்காம் மாதத்தில் அம்மை கண்டது என்பதற்காகவே கருவைக் கலைக்க ஓடுவதை நான் ஏற்கமாட்டேன். ஐந்து வாரம் கழித்து விவரமான ஸ்கேன் எடுத்து, மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

சின்னம்மை உண்மையில் மிரட்டுவது பிரசவ நேரத்தில். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரைக்குள் தாய்க்குக் கொப்புளம் கண்டால், கிருமி பிள்ளைக்குப் போய்விடும். அதை எதிர்க்கும் சக்தி தாயின் இரத்தத்தில் ஊறிப் பிள்ளைக்குப் போய்ச்சேர அவகாசம் இருக்காது. மருந்தில்லாத காலத்தில் இப்படி நோய் கண்ட சிசுக்களில் நூற்றுக்கு முப்பது வரை இறந்திருக்கின்றன. இன்று இம்யூனோகுளோபுலின் ஊசியும் அசைக்ளோவிரும் காப்பாற்றுகின்றன. முடிந்தால் பிரசவத்தை ஒரு வாரம் தள்ளிப்போடவும் பார்ப்பார்கள்.

நம் பழக்கம் இடறுவது இங்கேதான். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அங்கே அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகின்றன. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே சின்னம்மை தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை கட்டும்போது அத்தை மடியில் பிள்ளை படுத்து எழுந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வேப்பிலையும் தனி அறையும் தவறில்லை. ஆளை ஒதுக்கி வைப்பது நல்லதுதான். கர்ப்பிணிக்கே அம்மை கண்டபின் மூன்று தண்ணி ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது என்பதுதான் ஆபத்து. அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அவளுக்கு நிமோனியாவும் வரக்கூடும். மூச்சு வாங்கினால், இருமல் கூடினால், அந்த ராத்திரியே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போகுமுன் அம்மை என்று சொல்லிவிட்டால் மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வைக்கமாட்டார்கள்.

தடுப்பூசியிலும் இரண்டும் இருவேறு நிலையில் நிற்கின்றன. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளைத் தாண்டித்தான் பிள்ளைகளுக்குப் போட முடிந்தது. இன்று ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் இலவசமாகப் போடுகிறார்கள். சின்னம்மை ஊசி அரசின் தேசியப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வெப்ப நாடுகளில் பலர் அம்மை காணாமலே பெரியவர்களாகிவிடுவதால், நம் பெண்களுக்கு இந்தக் குறை சிறியதல்ல.

இரண்டு ஊசியும் கர்ப்பத்தில் போடக்கூடாதவை. அதனால் கல்யாணப் பேச்சு தொடங்கும்போதே, "சின்னப் பிள்ளையில இவளுக்கு அம்மை போட்டுச்சா?" என்று அப்பத்தாவிடம் கேட்டுவிடுவது நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். சின்னம்மைக்கு எதிர்ப்பு இல்லையென்றால் நான்கு வார இடைவெளியில் அந்த ஊசியை இரண்டு முறை போட்டு, அடுத்த ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.