மானிடவியலார் எந்தத் தெருவில் தங்குவார்?

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த ஊர் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய தலம். சிவபெருமான் வேடராக வந்தார் என்பது தலபுராணம். கோயிலடியில் ஒரு வாழ்க்கை, வயல்களில் வேறொன்று, கரையோர மீனவர் குப்பங்களில் மற்றொன்று. இம்மக்களின் பழக்கவழக்கங்களை ஆராய நீங்கள் பெட்டியுடன் வந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே தங்குவீர்கள்?

அற்பக் கேள்வி என்று எண்ணாதீர்கள். மானிடவியல் வரலாற்றில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களுள் சிறந்தவர்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினார்களாம்! அவரே இதை எழுதியிருக்கிறார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் செய்திகள் ஏராளம். ஆனால் மூக்களவு எந்த வழக்கத்தையும் விளக்கவில்லை.

1915 முதல் 1918 வரை மாலினோவ்ஸ்கி வேறுவிதமாக முயன்றார். நியூகினிக்குக் கிழக்கேயுள்ள டிரோபிரியாண்டுத் தீவுகளில், ஊர் நடுவே கூடாரமடித்து, அவர்கள் மொழியைக் கற்று வாழ்ந்தார். அமைதியான உட்கடலில் மீன்பிடிக்க மந்திரம் கிடையாது. ஆபத்து மிகுந்த திறந்த கடலுக்குச் செல்லும்போதுதான் மந்திரச் சடங்குகள் என்பதைக் கண்டார். தொலைவிலிருந்து பார்த்தவர் எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருப்பார்.

உடன் வாழ்ந்தால் போதுமா? 1961-62இல் ஆந்திரே பெத்தேய் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தங்கினார். நூலில் அதற்கு 'ஸ்ரீபுரம்' எனப் புனைபெயரிட்டார். தங்கியது அக்கிரகாரத்தில், பிராமணர் வீட்டில். ஆகவே மற்றவர்கள் அவரையும் அத்தெருக்காரராகவே கருதினர். ஆதிதிராவிடர் தெருவுக்குள் எளிதில் பழக இயலவில்லை. பிராமணர்களைப் பற்றிய அளவு மற்றவர்களைப் பற்றித் தமக்குச் செய்தி கிடைக்கவில்லை என்று அவர் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையை அளவுகருவிகளைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

மீண்டும் நம் கடற்கரைக்கு வருவோம். காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சவுரிராசப் பெருமாள் எழுந்தருளுகிறார். கோயிலார் வீட்டில் தங்கியிருந்தால், அது கடலில் தீர்த்தவாரி என்று குறித்துக்கொள்வீர்கள். மீனவர் வீட்டில் தங்கியிருந்தால் வேறு செய்தி கிடைக்கும்: பெருமாள் தங்கள் குலப்பெண்ணை மணந்தவர். அவரை அவர்கள் வரவேற்பது 'மாப்பிள்ளை' என்று.